பிளாட்டினத்தை அப்படியே கூட்டாதீர்கள்

இரண்டு இசைக்கலைஞர்களின் விற்பனையை ஒப்பிட்டு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் அடியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். ஆளுக்கொரு ‘உலக விற்பனை’ எண்ணைத் தேடி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரியது எதுவோ அவரே ஜெயித்தார் என்று முடித்துவிடுகிறார்கள். பீட்டில்ஸ் 100 கோடி, எல்விஸ் 100 கோடி, மைக்கேல் ஜாக்சன் 75 கோடி. இவ்வளவு உருண்டையான எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும். யாரும் உட்கார்ந்து எண்ணிக் கண்டுபிடித்தவை அல்ல இவை. கம்பெனியின் விளம்பரப் பிரிவோ, கலைஞரின் மேலாளர் அலுவலகமோ சொன்னதை ஒரு பத்திரிகை போடும். அதைப் பார்த்து இன்னொன்று போடும். பத்து வருடத்தில் அது வரலாறாகிவிடும்.

ஜாக்சனின் 75 கோடி பரவத் தொடங்கியது 2006 வாக்கில். அதைச் சோதிக்கப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். அமெரிக்காவில் அவருடைய ஆல்பங்களுக்குக் கிடைத்த விற்பனைச் சான்றுகளைக் கூட்டினால் சுமார் 9 கோடி யூனிட் வருகிறது. உலக இசைச் சந்தையில் அமெரிக்காவின் பங்கு நெடுங்காலமாக மூன்றில் ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. ஜாக்சனுக்கு வெளிநாடுகளில் மவுசு அதிகம் என்று இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்தாலும், சிங்கிள்களைச் சேர்த்தாலும், 75 கோடி வெகுதூரத்தில் நிற்கிறது. இன்னொரு பழைய தந்திரமும் உண்டு. ஓர் எல்.பி.யை ஐந்தாறு சிங்கிளுக்குச் சமம் என்று பெருக்கி, ‘இத்தனை கோடி ரெக்கார்டு’ என்று சொல்லிவிடுவார்கள். ‘ரெக்கார்டு’ என்று மட்டும் போட்டு, ஆல்பமா சிங்கிளா என்று சொல்லாத எந்த எண்ணையும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

ஆகவே முதல் ஆலோசனை: உலக எண்ணை ஒதுக்கிவிட்டு ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருமே விற்ற நாடாக, கணக்கு வெளியில் தெரியும் நாடாக அது இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் அமெரிக்காவையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே சான்றுப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம்.

யார் எண்ணினார்கள்?

அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. 1958-ல் ‘கோல்டு’ சான்றைத் தொடங்கியது. சிங்கிளுக்கு 10 லட்சம் பிரதி. ஆல்பத்துக்கோ பிரதிக் கணக்கே கிடையாது. கம்பெனி விலையில் 10 லட்சம் டாலர் வியாபாரம் ஆனால் கோல்டு. 5 லட்சம் பிரதி விற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1975-ல்தான் வந்தது. 10 லட்சத்துக்கு பிளாட்டினம் என்பது 1976-ல். அதனால் 1965-ல் கோல்டு வாங்கிய ஆல்பத்தை ‘5 லட்சம் விற்றது’ என்று எழுதினால் அது தவறு. அந்தச் சான்று சொல்வது பணத்தை, பிரதியை அல்ல.

அடுத்தது, அனுப்பியதா விற்றதா என்ற கேள்வி. ஆர்.ஐ.ஏ.ஏ. எண்ணுவது கம்பெனியிலிருந்து கடைகளுக்குப் போன சரக்கை. திரும்பி வந்ததைக் கழிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் திரும்பி வருவதற்கு முன்பே சான்று வாங்கிவிட்டால்? 1978-ல் கிஸ் குழுவின் நால்வரும் ஒரே நாளில் ஆளுக்கொரு தனி ஆல்பம் வெளியிட்டார்கள். காசாபிளாங்கா கம்பெனி நான்கையும் லட்சக்கணக்கில் கடைகளில் கொண்டுபோய்க் குவித்தது. நாலுக்கும் பிளாட்டினம் கிடைத்தது. பிறகு பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பியது. அதே வருடம் ‘சார்ஜென்ட் பெப்பர்’ படத்தின் பாடல் ஆல்பத்துக்கும் இதே கதி. போனதைவிடத் திரும்பி வந்ததுதான் அதிகம் என்று அந்தத் தொழிலில் இன்றும் கேலி பேசுவார்கள்.

கடையில் கல்லாப்பெட்டி முன்னால் நின்று எண்ணுவது 1991-ல்தான் தொடங்கியது. சவுண்ட்ஸ்கேன் என்ற நிறுவனம் பார்கோடு வழியே விற்பனையைத் திரட்ட, அந்த வருடம் மே மாதத்திலிருந்து பில்போர்டு பத்திரிகை அதை வைத்து ஆல்பம் பட்டியலைப் போட்டது. அதுவரை கடைக்காரர்களுக்கு போன் போட்டு ‘இந்த வாரம் எது நல்லா போகுது?’ என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். முறை மாறியதும் பட்டியலின் முகமே மாறிவிட்டது. கன்ட்ரி இசையும் ராப்பும் திடீரென்று மேலே வந்தன. ரசிகர்கள் ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. எண்ணும் ஆள்தான் மாறினார்.

சவுண்ட்ஸ்கேனுக்கும் ஓட்டை உண்டு. தபாலில் சி.டி. அனுப்பும் ‘ரெக்கார்டு கிளப்’ விற்பனை அதில் ஏறாது. 90-களில் அந்தக் கிளப்கள் சின்ன விஷயம் அல்ல. ஒரே ஆல்பத்துக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. எண் பெரிதாகவும் சவுண்ட்ஸ்கேன் எண் சிறிதாகவும் இருந்தால் உடனே யாரோ பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஷனாயா ட்வெய்னின் ‘கம் ஆன் ஓவர்’ 2 கோடிக்குச் சான்று பெற்றது. சவுண்ட்ஸ்கேன் காட்டியது ஒன்றரைக் கோடியைச் சற்றே தாண்டி. இரண்டுமே சரிதான். ஒப்பிடும்போது மட்டும் இரு தரப்புக்கும் ஒரே கணக்கரை வையுங்கள். ஒருவருக்கு ஆர்.ஐ.ஏ.ஏ., இன்னொருவருக்கு சவுண்ட்ஸ்கேன் என்று எடுத்தால் அது ஒப்பீடே அல்ல.

சான்று தானாக வருவதும் இல்லை. கம்பெனி கேட்க வேண்டும், கணக்கைத் திறந்து காட்ட வேண்டும், பணம் கட்ட வேண்டும். 60-களில் மோட்டவுன் கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தை ஆர்.ஐ.ஏ.ஏ.விடம் திறக்கவே இல்லை. அதனால் சுப்ரீம்ஸ் குழுவின் அந்தக் காலத்து ஹிட்டுகளுக்கு அன்று சான்று கிடைக்கவில்லை. விற்கவில்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. எல்விஸுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சான்றுகள் 1992 ஆகஸ்டில் ஒரே மூச்சாக வந்தன. அவர் இறந்து 15 வருடம் கழித்து. ஈகிள்ஸின் ‘தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ ஆல்பம் 2006 முதல் 29 பிளாட்டினத்தில் அசையாமல் கிடந்தது. 2018 ஆகஸ்டில் ஒரே தாவலில் 38 ஆனது. அன்று 33-ல் இருந்த ஜாக்சனின் ‘திரில்லர்’ இரண்டாம் இடத்துக்குப் போனது. அதற்குச் சற்று முந்தைய வருடங்களில் ‘அமெரிக்காவில் அதிகம் விற்றது திரில்லர்’ என்று எழுதியவர்கள் அன்று கைவசம் இருந்த சான்றின்படி எழுதினார்கள். சான்று என்பது குறைந்தபட்சம் இவ்வளவு என்று சொல்லும் எண். அதன் பக்கத்தில் தேதி இல்லாவிட்டால் பாதி அர்த்தம் போய்விடும்.

தட்டா, பெட்டியா?

நான் அதிகம் பார்க்கும் தவறு, யூனிட்டை அப்படியே பிரதி என்று எடுத்துக்கொள்வது. திருத்துவதற்கு மிகச் சுலபமானதும் இதுதான். பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ 23 பிளாட்டினம். ஃபிளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ 20-ஐத் தாண்டியது. பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் ‘தி வால்’ தான் பெரிய ஆல்பம். ஆனால் ‘தி வால்’ இரட்டைத் தட்டு, ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கில் ஒரு பிரதி விற்றால் இரண்டு யூனிட். 23-ஐ இரண்டால் வகுத்தால் 1 கோடியே 15 லட்சம் பிரதிகள். ஒற்றைத் தட்டான ‘ரூமர்ஸ்’ 2 கோடிக்கும் மேல். அமெரிக்க வீடுகளில் ‘தி வால்’ போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ‘ரூமர்ஸ்’ போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதை இன்னும் பெரிய அளவில் பார்க்க பீட்டில்ஸ் - கார்த் புரூக்ஸ் வழக்கைப் போல வேறு உதாரணம் இல்லை. நம்மூரில் புரூக்ஸின் பெயர் அவ்வளவாகத் தெரியாது. அமெரிக்கக் கன்ட்ரி பாடகர், 1989-ல் முதல் ஆல்பம். ஆர்.ஐ.ஏ.ஏ. ஆல்பம் கணக்கில் பீட்டில்ஸ் 18.3 கோடி யூனிட்டோடு முதலிடம். புரூக்ஸ் 16 கோடியை ஒட்டி இரண்டாமிடம், தனிக் கலைஞர்களில் முதலிடம். எல்விஸ் அவருக்குப் பின்னால். இதைக் கேட்டதுமே பீட்டில்ஸ் ரசிகர்களுக்குக் கோபம் வரும்: அந்த ஆள் பெட்டி பெட்டியாக விற்றுக் கணக்கை ஏற்றினார் என்பார்கள். பொய்யில்லை. 1998-ல் அவர் விற்ற ‘தி லிமிடெட் சீரிஸ்’ ஆறு சி.டி. கொண்ட பெட்டி, ஒரு பெட்டிக்கு ஆறு யூனிட். அதே வருடத்து ‘டபுள் லைவ்’ இரட்டை சி.டி.; ஒன்று வாங்கினால் இரண்டு. பிற்காலத்தில் வால்மார்ட் கடையில் மலிவு விலைக்கு விற்ற பெட்டிகளும் உண்டு.

ஆனால் அதே கத்தரியை மறுபக்கமும் வையுங்கள். பீட்டில்ஸின் ‘வெள்ளை ஆல்பம்’ 24 பிளாட்டினம், இரட்டைத் தட்டு. 1967-70 பாடல்களின் நீலத் தொகுப்பு 17, இரட்டை. 1962-66 சிவப்புத் தொகுப்பு 15, அதுவும் இரட்டை. இந்த மூன்று மட்டும் 5.6 கோடி யூனிட். வாங்கப்பட்ட பிரதிகள் என்று பார்த்தால் 2.8 கோடி. ‘ஆந்தாலஜி’ வரிசையையும் பிரித்தால் இன்னும் குறையும். 18.3 கோடி என்பது மூன்றே ஆல்பங்களைத் திருத்தியதில் பதினைந்தரைக் கோடிக்கு இறங்கிவிடுகிறது. புரூக்ஸின் கணக்கிலிருந்து பெட்டிகளைப் பிரிக்கும்போது அதுவும் அதேபோல இறங்கும். ஒருவருக்கு மட்டும் கழித்துவிட்டு ‘பாருங்கள், இதுதான் உண்மையான எண்’ என்று காட்டுவதுதான் ரசிகர் கணக்கு.

பெட்டியைத் திருத்தின பிறகும் இருவரையும் ஒரே தராசில் நிறுத்திவிட முடியாது. பீட்டில்ஸ் எல்.பி.யில் விற்றார்கள், கேசட்டில் விற்றார்கள், 1987-ல் அவர்களுடைய ஆல்பங்கள் சி.டி.யாக வந்தபோது ஏற்கெனவே வாங்கியவர்களே மறுபடி வாங்கினார்கள், 2010-ல் ஐடியூன்ஸ், 2015 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஸ்ட்ரீமிங். ஒரே ஆளிடம் ‘ஆபி ரோடு’ மூன்று வடிவத்தில் இருக்கலாம். கணக்கில் அவர் மூன்று பேர். புரூக்ஸ் வந்தது சி.டி. உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த காலத்தில். அவர் ரசிகர் மறுபடி வாங்க அவசியமே வரவில்லை. போதாததற்கு ஐடியூன்ஸிலும் ஸ்பாட்டிஃபையிலும் சேர மாட்டேன் என்று நின்றவர் அவர். 2016-ல் அமேசானுக்கு மட்டும் கொடுத்தார். ஆக, பீட்டில்ஸுக்கு அறுபது வருட வால் இருக்கிறது, புரூக்ஸுக்கு அந்த வால் ஏறக்குறைய கிடையாது.

இங்கேதான் நான் சொல்லும் வழி: கால அளவை ஒன்றாக்குங்கள். இருவருக்கும் அறிமுகமான நாளிலிருந்து முதல் பத்து வருடம் என்று எடுக்கலாம். அல்லது இருவருமே கடையில் இருந்த ஒரு காலத்தை எடுக்கலாம். 1991-க்குப் பிந்தைய சவுண்ட்ஸ்கேன் ஆல்பம் விற்பனையில் புரூக்ஸ் முதலிடம், பீட்டில்ஸ் இரண்டாமிடம். கலைந்து இருபது வருடமாகியிருந்த, ஒருவர் இறந்தும்போயிருந்த குழு, மற்ற எல்லா உயிருள்ள கலைஞர்களையும் தாண்டி இரண்டாமிடத்தில் நிற்கிறது. ‘யார் பெரியவர்’ என்ற மொத்தக் கணக்கு சண்டையைவிட இந்த ஒரு வரி எவ்வளவோ சொல்கிறது.

நாட்டுக்கு நாடு, வருடத்துக்கு வருடம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ‘15 நாடுகளில் பிளாட்டினம்’ என்று விளம்பரம் வந்தால் அந்த 15-ஐ மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் ஆல்பத்துக்கு பிளாட்டினம் 10 லட்சம், பிரிட்டனில் 3 லட்சம். ஜெர்மனியில் கோல்டே 1999 வரை 2.5 லட்சம், பிறகு 1.5 லட்சம், 2003 முதல் 1 லட்சம். விற்பனை சரியச் சரிய வாசற்படியைத் தாழ்த்திக்கொண்டே வந்தார்கள். அமெரிக்காவிலும் சிங்கிளுக்கு இது நடந்தது: 1989 வரை கோல்டுக்கு 10 லட்சம், பிளாட்டினத்துக்கு 20 லட்சம், அதன்பின் இரண்டும் பாதி. ஆகவே சான்றின் பெயரைக் குறிக்காமல், அன்றைய விதிப்படி அது எத்தனை பிரதி என்பதைக் குறியுங்கள். கூட்டுவதாக இருந்தால் அந்தப் பிரதிகளைத்தான் கூட்ட வேண்டும்.

சிங்கிள் கணக்கில் தனியாக ஒரு குழி இருக்கிறது. 90-களில் அமெரிக்கக் கம்பெனிகள் ஹிட் பாடலைச் சிங்கிளாகக் கடைக்கே அனுப்பவில்லை. பாட்டு வேண்டுமானால் முழு ஆல்பத்தையும் வாங்கு என்றார்கள். நோ டவுட் குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ வானொலிப் பட்டியலில் 16 வாரம் முதலிடம். கடையில் சிங்கிள் இல்லாததால் பில்போர்டின் ஹாட் 100 பட்டியலில் அதற்கு இடமே இல்லை. அந்த விதி 1998 டிசம்பரில்தான் மாறியது. 90-களின் பாடகரை 2010-களின் டவுன்லோடு நட்சத்திரத்தோடு சிங்கிள் விற்பனையில் ஒப்பிட்டால், முன்னவர் கடையைத் திறக்காத நாளின் கல்லாவை எண்ணுகிறீர்கள்.

1,500 தடவை கேட்டால் ஒரு ஆல்பம்

இனி ஸ்ட்ரீமிங். இங்கே நிதானமாக நடக்க வேண்டும்.

2014 டிசம்பரிலிருந்து பில்போர்டு தன் ஆல்பம் பட்டியலில் பத்துப் பாடல் டவுன்லோடையும் 1,500 ஸ்ட்ரீமையும் ஓர் ஆல்பத்துக்குச் சமமாக எடுத்தது. 2016 பிப்ரவரியில் ஆர்.ஐ.ஏ.ஏ.வும் அதே விகிதத்தை ஏற்றது. 2018-ல் பில்போர்டு காசு கட்டிக் கேட்பவரையும் விளம்பரத்தோடு சும்மா கேட்பவரையும் பிரித்தது: முன்னவருக்கு 1,250, பின்னவருக்கு 3,750. 2026 தொடக்கத்தில் அது 1,000, 2,500 என்றானது. பிரிட்டனில் 2015-ல் தொடங்கியபோதே 1,000. கூடவே ஒரு நல்ல ஏற்பாடு, ஆல்பத்தில் அதிகம் ஓடிய இரண்டு பாடல்களின் எண்ணை மற்றவற்றின் சராசரிக்கு இறக்கிவிடுவார்கள். ஒரே ஒரு ஹிட்டை வைத்துக்கொண்டு முழு ஆல்பமும் விற்றதாகக் காட்ட முடியாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆல்பத்தின் பாடல்கள் 10 கோடி தடவை, எல்லாமே சந்தா கட்டியவர்களால், கேட்கப்பட்டன. 2014 விதியில் அது 66,667 ஆல்பம். 2018 விதியில் 80,000. இன்றைய விதியில் 1 லட்சம். கேட்டவர்கள் அதே பேர், கேட்ட தடவை அதே தடவை. விதி மாறியதில் மட்டும் ஒன்றரை மடங்கு. அதே 10 கோடியும் இலவசக் கணக்குகளிலிருந்து வந்திருந்தால் 2018 விதியில் 26,667 தான்.

விகிதம் எதுவாக இருந்தாலும் அடியில் ஒரு கோணல் இருக்கிறது. விற்பனை என்பது ஒருவர் ஒரு தடவை எடுத்த முடிவு. ஸ்ட்ரீம் என்பது ஒவ்வொரு தடவை கேட்பதும். 1983-ல் ‘திரில்லர்’ கேசட்டை வாங்கி நாடா தேயும்வரை ஓட்டியவரும், வாங்கி அலமாரியில் வைத்தவரும் கணக்கில் ஒன்றுதான். 1,500 விதிப்படி இன்றைய ரசிகர் 12 பாட்டு கொண்ட ஓர் ஆல்பத்தை முழுசாக 125 தடவை கேட்டால்தான் 1,500 வரும், ஒரு யூனிட் ஆகும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஸ்ட்ரீமிங் காலத்துக் கலைஞருக்கு அநியாயம் நடக்கிறது. மறுபக்கம், ஒரே பாட்டைச் சுழற்றிச் சுழற்றி 1,500 தடவை ஓடவிட்டாலும் ஓர் ஆல்பம் விற்றதாகிவிடுகிறது. மற்ற பதினொன்றையும் யாரும் தொட்டிருக்க வேண்டியதில்லை. நிறையப் பாட்டு வைத்தால் நிறைய ஓடும் என்று டிரேக் 2018-ல் 25 பாட்டு, கிறிஸ் பிரவுன் அதற்கு முந்தின வருடம் 45 பாட்டு என்று ஆல்பம் போட்டார்கள். தங்கள் ரசனைக்காக என்றும் சொல்லலாம், எனக்கு நம்பிக்கையில்லை.

பணத்தை அடிப்படையாக வைத்துப் போட்ட விகிதம் இது. இத்தனை ஸ்ட்ரீமில் வரும் வருமானம் ஓர் ஆல்பத்து வருமானத்துக்கு ஏறக்குறையச் சமம் என்ற யோசனையில் பிறந்தது. வியாபாரப் பட்டியலுக்கு அது பொருத்தம். ‘எத்தனை பேருக்குப் பிடித்தது’ என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. நம்மூரில் 100 நாள் ஓடிய படத்தையும் முதல் வார வசூலில் சாதனை செய்த படத்தையும் ஒப்பிடும் சண்டை மாதிரிதான் இது. இரண்டும் வெற்றிதான், அளந்த கோல் வேறு.

அதனால் நான் செய்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். மூன்று பத்தி போடுங்கள்: முழு ஆல்பமாக விற்றது (எல்.பி., கேசட், சி.டி., முழு டவுன்லோடு), தனிப் பாடலாக விற்றது, ஸ்ட்ரீம். மூன்றையும் அவற்றின் சொந்த எண்ணிலேயே வையுங்கள். கட்டாயம் ஒரே எண் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் எந்த விகிதம் என்று கீழே எழுதி, இரண்டு விகிதத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் அதே ஆள் முன்னால் வந்தால் துணிந்து எழுதலாம். ஒன்றில் இவர், இன்னொன்றில் அவர் என்று வந்தால் இருவருக்கும் வித்தியாசம் இல்லை என்று எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆர்.ஐ.ஏ.ஏ. சான்றில் 150 ஸ்ட்ரீம் ஒரு சிங்கிள் யூனிட். அதே ஸ்ட்ரீம்கள் ஆல்பச் சான்றிலும் சேரும். ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டது இரண்டு இடத்தில் எண்ணப்படுகிறது. ஆல்பம் சான்றையும் டிஜிட்டல் சிங்கிள் சான்றையும் கூட்டி ‘மொத்தம் இத்தனை கோடி’ என்று போடும் பட்டியல்கள் நிறைய உலவுகின்றன. அவற்றில் புதிய கலைஞர்கள் பழையவர்களைத் தாண்டுவதில் ஆச்சரியமே இல்லை.

காசு கொடுத்தது யார்?

2013-ல் ஜே-இசட் ஆல்பத்தின் 10 லட்சம் பிரதிகளை சாம்சங் வாங்கித் தன் போன்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஆர்.ஐ.ஏ.ஏ. தன் விதியையே திருத்தி பிளாட்டினம் கொடுத்தது; பில்போர்டு அதை எண்ண மறுத்தது. 2011-ல் லேடி காகாவின் ‘பார்ன் திஸ் வே’ முதல் வாரத்தில் 11 லட்சம் விற்றது. அதில் நாலு லட்சத்துக்கும் மேல் அமேசான் 99 சென்ட்டுக்குத் தள்ளிவிட்டவை. டி-ஷர்ட்டோடு, கச்சேரி டிக்கெட்டோடு ஆல்பத்தை ஒட்டி விற்கும் பழக்கம் 2020-ல் பில்போர்டு விதி இறுகும்வரை நடந்தது. இப்போது அந்த இடத்தை வகை வகையான அட்டைகள் பிடித்துக்கொண்டன.

மூன்று முதல் வாரங்களை எடுத்துப் பாருங்கள். 2000 மார்ச்சில் என்சிங்க் குழு 24 லட்சம். 2015 நவம்பரில் அடேலின் ‘25’ ஆல்பம் 33.8 லட்சம். 2025 அக்டோபரில் டெய்லர் ஸ்விஃப்டின் ‘தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்’ 40 லட்சம். தலைப்புச் செய்தி இந்த 40 லட்சத்தைத்தான் போட்டது. ஆனால் அது ஸ்ட்ரீமும் சேர்ந்த யூனிட். காசு கொடுத்து வாங்கிய பிரதி என்றால் 34.8 லட்சம். அடேலோடு வித்தியாசம் ஆறு லட்சம் அல்ல, ஒரு லட்சம். அடேல் அந்த ஆல்பத்தை ஏழு மாதம் ஸ்ட்ரீமிங்கில் விடவே இல்லை. கேட்க வேண்டுமென்றால் வாங்கியே ஆக வேண்டும். ஸ்விஃப்ட் தரப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட வகைகள். வேறு அட்டை, வேறு நிறத் தட்டு, கூடுதல் பாட்டு என்று. தீவிர ரசிகர் ஒருவரே நாலைந்து வாங்கியிருப்பார். மக்கள்தொகையையும் பார்த்தால், 2015 அமெரிக்காவில் 95 பேருக்கு ஒரு பிரதி, 2025-ல் 98 பேருக்கு ஒன்று, 2000-ல் 116 பேருக்கு ஒன்று. அடேலும் ஸ்விஃப்டும் தோளோடு தோள் நிற்கிறார்கள். வாங்கிய ஆட்களை எண்ண முடிந்தால் அடேல் முன்னால் இருப்பார் என்பது என் ஊகம். ஊகம் என்று குறிப்பிட்டுத்தான் இதை எழுதுவேன்.

இளையராஜாவா ரஹ்மானா என்று கேட்டுவிட்டு இதே முறையில் போட்டுக் காட்டுங்கள் என்பார்கள். கேசட் காலத்துக்கு நம்மிடம் யாரும் திறந்து பார்க்கக்கூடிய சான்றுப் பதிவேடு கிடையாது. 80-களில் ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்து, காலிக் கேசட்டில் பதிந்து வாங்கியதெல்லாம் எந்தக் கம்பெனிக் கணக்கிலும் ஏறியதில்லை. திருட்டு கேசட்டும் அப்படியே. அதற்குப் பதிலாக யூடியூப் பார்வையைத் தூக்கிக்கொண்டு வருவதும் சரியில்லை. ‘ரவுடி பேபி’ 100 கோடியைத் தாண்டியது உலகம் முழுக்க, இலவசமாக, நடனத்தையும் சேர்த்துப் பார்த்ததில். அதை 1985-ன் ஒரு கேசட்டோடு எந்த விகிதத்தில் மாற்றுவது? எண் இல்லாத இடத்தில் விற்பனை ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். எத்தனை படம், எத்தனை வருடம் தொடர்ந்து முன்னணியில், மறுபதிப்பு எத்தனை என்று வேறு கேள்வி கேட்கலாம்.

சான்று தொடங்குவதற்கு முந்தைய ரெக்கார்டுகளுக்கும் இதே மரியாதைதான். பிங் கிராஸ்பி 1942-ல் பாடிய ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ 5 கோடி விற்றதாக கின்னஸ் சொல்கிறது, அது மதிப்பீடு. பிரதி எடுத்து எடுத்து மூலத் தட்டே தேய்ந்து, 1947-ல் மறுபடி பாடிப் பதிந்தார்கள் என்பதிலிருந்தே அது எவ்வளவு விற்றிருக்கும் என்று தெரிகிறது. ஆனால் ஷெல்லாக் தட்டு எத்தனை, பிறகு வந்த வினைல் எத்தனை என்று பிரிக்க வழியில்லை. எல்டன் ஜான் 1997-ல் டயானாவுக்காகப் பாடிய ‘கேண்டில் இன் த விண்ட்’ சிங்கிளுக்கு, பட்டியல்கள் வந்தபின் எண்ணிய 3.3 கோடி இருக்கிறது. இரண்டையும் ஒரே வரிசையில் ஒன்று, இரண்டு என்று போட வேண்டாம். எல்டன் ஜானைப் பட்டியலில் வைத்து, கிராஸ்பியை அதன் கீழே ஒரு கோடு போட்டு, ‘மதிப்பீடு’ என்று எழுதி வையுங்கள்.